பூட்டில்லாத சாவிகள்

சாவு வீட்டில் எல்லோரும் ஞானிகள். "என்னத்தக் கொண்டு வந்தோம், என்னத்தக் கொண்டு போகப் போறோம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "நேத்து சாயங்காலம்கூட போன்ல பேசினாரே" என்பார் இன்னொருவர். வருஷக்கணக்கில் முகம் பார்க்காத இரண்டு பங்காளிகள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாம் கலைந்துவிடும். மயான வைராக்கியம் என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் நம்மை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள்.

அந்த வைராக்கியம் ஏன் மறுநாள் வரை நிற்பதில்லை? மனித மனம் பலவீனமானது என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலையாமையை நாம் தப்பான இடத்தில் வைத்திருக்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது. வாழ்க்கையின் கடைசிப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். "எல்லாம் ஒருநாள் போயிடும்" என்கிறோம். ஒருநாள் என்று சொன்ன மாத்திரத்தில் அது இன்றைக்கில்லை என்று ஆகிவிடுகிறது, மனசுக்கும் நிம்மதி. ஆனால் போவது ஏதோ ஒரு தேதியில் நடக்கிற காரியமில்லையே. அது பாட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. நாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் பலவும் எப்போதோ போய்விட்டன. நமக்குத் தகவல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

உடம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஓடும் சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். குடலின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்கள் சில நாள்தான் தாங்கும். போன வருஷம் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த சிவப்பணுக்கள் இன்று இல்லை. அதற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை. இதைச் சொன்னதும், "ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பு முழுக்கப் புதுசாயிடுமாமே" என்று யாராவது கிளம்புவார்கள். அது சும்மா. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடிப்போய், சோதனைகள் அடங்கிய பிறகு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் சேர்ந்துகொண்ட கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால் அது எந்தக் காலத்தில் பிறந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃபிரிசேனின் குழு 2005-இல் இந்த வழியில் பார்த்தபோது, மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களுக்கு அந்த ஆளின் வயதே இருந்தது. கண் வில்லையின் நடுப்பகுதியும் கருவிலேயே உருவாகிக் கடைசிவரை கூட வருகிறது. ஆக, ஒரே உடம்புக்குள் சில வாரக் கணக்கில் போகின்றன, சில நம்மோடுதான் போகின்றன. வேகம் ஒன்றுக்கொன்று பொருந்தாததால்தான் கண்ணாடியில் தெரியும் முகம் நேற்றைய முகம் மாதிரியே இருந்து நம்மை ஏமாற்றுகிறது.

நிலாவும் அப்படித்தான். நிலா வருஷத்துக்கு 3.8 செ.மீ. நம்மை விட்டு விலகிப்போகிறது. 1969 முதல் அங்கே இறங்கியவர்கள் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசர் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். தாலாட்டிலும் காதல் கடிதத்திலும் என்றைக்கும் மாறாததற்குச் சாட்சியாக நாம் கூப்பிடுகிற நிலாவே நகர்ந்துகொண்டிருக்கிறது.

வெளியில் இருப்பவை மாறும் என்று ஒப்புக்கொள்வதில் நமக்குப் பெரிய சிரமமில்லை. சிக்கல் உள்ளே வரும்போதுதான். ஜோர்டி குவாய்ட்பாக், டேனியல் கில்பர்ட், டிமொதி வில்சன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். ஒரு பகுதியினரிடம், கடந்த பத்து வருஷத்தில் உங்கள் குணமும் ரசனையும் மதிப்பீடுகளும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று கேள்வி. மற்றவர்களிடம், வரும் பத்து வருஷத்தில் எவ்வளவு மாறும் என்று கேள்வி. பின்னால் திரும்பிப் பார்த்தவர்கள், நிறைய மாறிவிட்டேன் என்றார்கள். முன்னால் பார்த்தவர்கள், இனி அவ்வளவாக மாற மாட்டேன் என்றார்கள். பதினெட்டு வயதுக்காரரும் அப்படித்தான் சொன்னார், அறுபது தாண்டியவரும் அப்படித்தான். மாறியதெல்லாம் இதுவரைக்கும்தான், இப்போது இருப்பதுதான் ஒரிஜினல் நான் என்று ஒவ்வொருவரும் தன் தன் வயதில் நின்றுகொண்டு நினைத்துக்கொள்கிறோம். தங்களுக்கு இப்போது பிடித்த இசைக்குழுவைப் பத்து வருஷம் கழித்துப் பார்க்க, பத்து வருஷத்துக்கு முன்பு பிடித்த குழுவை இப்போது பார்க்கத் தருவதைவிட அதிகப் பணம் தரத் தயாராக இருந்தார்களாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, லேசாகக் குளிரவும் செய்தது. எத்தனை முடிவுகளை நாம் அந்தப் 'பத்து வருஷம் கழித்து இருக்கப்போகும் நான்' தலையில் கட்டிவிடுகிறோம்! அவரைக் கேட்காமலேயே.

அப்பா போன பிறகு அவருடைய மேஜையை ஒழிக்க நானும் அக்காவும் உட்கார்ந்தோம். கீழ் இழுப்பறையில் ஒரு தகர டப்பா. மூடி துருவேறி இறுகிப்போயிருந்தது. ஸ்பூன் காம்பை விட்டு நெம்பித்தான் திறக்க முடிந்தது. உள்ளே முழுக்கச் சாவிகள். பல் தேய்ந்த கனமான பித்தளைச் சாவி ஒன்று. கம்பி வளையத்தில் கோத்த குட்டி சூட்கேஸ் சாவிகள், ஜோடி ஜோடியாக. நைலான் நூல் சுற்றிய ஒன்று. ஒன்றில் மட்டும் அட்டைத் துண்டைக் கட்டி அப்பாவின் கையெழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. மை வெளிறி, முதல் எழுத்து 'மே'யா 'பே'யா என்றே தெரியவில்லை. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

"இது பழைய வீட்டு வாசக்கதவு சாவிடா."

"அந்த வீடே இப்ப இல்லையேக்கா."

"இடிச்சது எனக்குத் தெரியும். சாவிக்குத் தெரியாதுல்ல?"

என்னுடைய பழைய சைக்கிளின் சாவியும் அதில் இருந்தது. சைக்கிளை விற்றபோது வாங்கியவரிடம் ஒரு சாவியை மட்டும் கொடுத்துவிட்டு இன்னொன்றை டப்பாவில் போட்டிருக்கிறார் மனுஷன். வண்டி யாரிடமோ போய், அவரிடமிருந்து இன்னொருவரிடம் போய், அநேகமாகக் காயலான் கடையில் கம்பியாக உருகியிருக்கும். சாவி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அப்பா பேராசைக்காரர் இல்லை, பொருள் சேர்க்கிறவரும் இல்லை. ஒரு காலத்தில் இந்தச் சாவிகளில் ஒவ்வொன்றும் வீட்டையே தலைகீழாக்கியிருக்கும். காணோம் என்றால் எல்லோரும் சேர்ந்து தேடியிருப்போம். யார் கடைசியாகத் தொட்டது என்று சண்டை நடந்திருக்கும். காவலுக்கு இருந்த பொருள் விற்றுப்போனது, உடைந்தது, இடிபட்டது. காவல் மட்டும் ஓய்வு பெறவில்லை. நம்முடைய பற்றுகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான் என்று அன்றைக்கு அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. பொருளின் மேல் பற்று என்று சொல்கிறோம். பொருள் எப்போதோ நகர்ந்துவிட்டது. அது ஒருகாலத்தில் இருந்த நிலைமேல்தான் பிடி.

ஓய்வு பெற்று வருஷங்கள் கழித்தும், தான் உள்ளே நுழைந்தால் நாலு பேர் எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் பற்று வைத்திருக்கும் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் மகளிடம், அவளுக்கு ஆறு வயதில் பிடித்ததையெல்லாம் எடுத்து நீட்டி, "முன்னெல்லாம் இதுக்குக் குதிப்பியே" என்று முகம் வாடும் தாய். கல்லூரி நண்பனோடு பேச எதுவுமே மிச்சமில்லாதபோதும், "அவன் மாறிட்டான்" என்று அதைத் துரோகமாகவே எடுத்துக்கொள்ளும் நண்பன். பகையையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்பு பந்தியிலோ பாகப்பிரிவினையிலோ ஒரு வார்த்தை சொல்லிவிட்ட சித்தப்பாவை நாம் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன சித்தப்பா இன்று இல்லை. அவர் பெயரில், அவர் முகச்சாயலோடு, காது மந்தமான வேறொரு கிழவர் இருக்கிறார். நாம் யாரிடம் கோபமாக இருக்கிறோம்?

பிடித்துக்கொள்வது ஒழுக்கக்கேடு என்று நான் சொல்ல வரவில்லை. அது நமக்குள் எவ்வளவு சீக்கிரம் நடந்துவிடுகிறது என்பதற்கு ஒரு பிரபலமான பரிசோதனையே இருக்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் வெளியிட்டது. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதை எவ்வளவுக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம் எவ்வளவுக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்கிறவர்கள் கேட்ட விலை, வாங்குகிறவர்கள் சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கோப்பையோடு யாருக்கும் பால்ய நினைவு கிடையாது, தாத்தா கொடுத்ததும் இல்லை. கையில் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் 'என்னுது' ஆகிவிட்டது. இப்படி ஓர் இயந்திரம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது, "பற்றை விடு" என்று ஒருவரைப் பார்த்து அதட்டுவதில் என்ன பயன்? வேர்க்காதே என்று சொல்வதுபோலத்தான்.

அதட்டுகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தத் தலைப்பில் எழுத ஆசை வந்ததே அவர்களால்தான்.

பற்றின்மைக்கு இப்போது நல்ல சந்தை இருக்கிறது. வெள்ளைச் சுவர், ஒரு செடி, ஒரு மரநாற்காலி. இவ்வளவுதான் என் வீடு என்று படம் போடுகிறார்கள். வீட்டைக் காலி செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் செய்வேன். ஆனால் எத்தனை பொருள் வைத்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே இருப்பவரும், எத்தனை பவுன் வைத்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே இருப்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

இதைவிட மோசமான ரகம் ஒன்று உண்டு. "எனக்கு எதுலயும் பற்று கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் கண்டுகொள்ளாமல் இருப்பவர். பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்று தெரியாது. மனைவிக்குக் காய்ச்சல் என்றால், "உடம்புன்னா அப்படித்தான்". கேட்டால் தாமரை இலைத் தண்ணீர் என்பார். அந்தத் தாமரை இலைக்கு வேளாவேளைக்குத் தட்டு வைத்தது யார், அதன் வேட்டியைத் துவைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. பற்றை விட்டவர்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் விட்டுவிட்டுப் போன வேலைகளைச் செய்தவர்களின் வரலாறு அவ்வளவாக இல்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் இந்தக் கோளாறை அப்போதே அடையாளம் கண்டுவிட்டார். ஒவ்வொரு நற்குணத்துக்கும் தூரத்துப் பகை ஒன்று, கிட்டத்துப் பகை ஒன்று என்று இரண்டு சொல்கிறார். தூரத்துப் பகை சுலபமாகத் தெரிந்துவிடும், அன்புக்கு வெறுப்பு. கிட்டத்துப் பகைதான் ஆபத்து, ஏனென்றால் அது பார்க்க அந்தக் குணத்தைப் போலவே இருக்கும். அன்பின் கிட்டத்துப் பகை பற்று. சமநிலையின் கிட்டத்துப் பகை, எதையும் அறியாத அலட்சியம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நடுவில் எவ்வளவு ஒடுக்கமான பாதை இருக்கிறதென்று புரிகிறது. பற்றை அன்பு என்று நினைத்து ஒரு பக்கம் விழலாம். அலட்சியத்தை ஞானம் என்று நினைத்து இன்னொரு பக்கம் விழலாம். என் அனுபவத்தில் ஆண்கள் இரண்டாவது பக்கம் விழுவதுதான் அதிகம், அதற்கு மரியாதையும் கிடைத்துவிடுகிறது.

"ஏற்றுக்கொள்" என்ற உபதேசமும் இப்படியே கைமாறி ஆயுதமாகும். அடிபட்டவரிடம் போய் "எல்லாம் மாயை, விட்டுத்தள்ளு" என்று சொல்வதற்குப் பெயர் தத்துவமில்லை. அடித்தவர் தப்பிக்க வழி செய்வது. நிலையாமை இரண்டு பக்கமும் வெட்டும். அநியாயமும் நிலையானதில்லைதான், அதை மாற்றலாம் என்கிற நம்பிக்கைக்கும் அதே நிலையாமைதான் ஆதாரம். "இதுவும் கடந்து போகும்" என்று துக்கப்படுகிறவரிடம் மட்டும் சொல்கிறோம். அதிகாரத்தில் இருப்பவரிடம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இனி, கஷ்டமான இடம். பொருளை விடலாம், பதவியை விடலாம். மனிதர்களை?

உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் ஃபிராய்டு 1915-இல் நிலையாமை பற்றிச் சிறியதாக ஒன்று எழுதினார். முதல் உலகப் போருக்கு முந்தைய கோடையில் ஒரு நண்பரோடும் ஓர் இளம் கவிஞரோடும் அழகான நிலப்பரப்பில் நடந்துபோனதில் தொடங்குகிறது. கவிஞரால் அந்த அழகை ரசிக்கவே முடியவில்லை. குளிர்காலம் வந்தால் இதெல்லாம் அழிந்துவிடுமே என்ற நினைப்பு. ஃபிராய்டு மறுக்கிறார்: அழியும் என்பதாலேயே அதன் மதிப்பு கூடுகிறது, குறைவதில்லை, ஒரே ஓர் இரவு மட்டும் பூக்கிற பூவை அந்தக் காரணத்துக்காக யாரும் மட்டமாக நினைப்பதில்லையே. கவிஞர் ரசிக்க முடியாமல் தவிப்பதற்குக் காரணம், வரப்போகும் துக்கத்தை முன்கூட்டியே அனுபவிப்பதுதான் என்பது அவர் முடிவு. இதுவரை எனக்கு முழுச் சம்மதம். அடுத்து ஒன்று சொல்கிறார்: துக்கம் தானாகவே ஒரு நாள் முடிந்துவிடும், மனம் விடுபட்டு, இழந்ததற்குப் பதிலாக அதே அளவோ அதைவிட அதிகமாகவோ மதிப்புள்ள வேறொன்றைப் பற்றிக்கொள்ளும்.

நாலு வருஷத்துக்குச் சற்று மேல் கழித்து, 1920 ஜனவரியில், அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் இறந்துபோனாள். வயது 26. 1923-இல் சோஃபியின் சின்ன மகன், ஃபிராய்டு உயிராக நேசித்த பேரன், நாலரை வயதில் காசநோயில் இறந்தான். 1929 ஏப்ரலில், மகனைப் பறிகொடுத்த லுட்விக் பின்ஸ்வாங்கர் என்ற நண்பருக்கு ஃபிராய்டு ஒரு கடிதம் எழுதுகிறார். என் மகள் இருந்திருந்தால் இன்றைக்கு அவளுக்கு 36 வயது என்று சொல்லிவிட்டு எழுதுவது இதுதான்: கடுமையான துக்கம் தணியும், ஆனால் நமக்கு ஆறுதல் கிடைக்காது, மாற்று என்று ஒன்று வராது; அந்த இடத்தை ஏதாவது முழுக்க நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும்; அப்படி இருப்பதுதான் சரி, விட மனமில்லாத அந்த அன்பைத் தொடர்வதற்கு அது ஒன்றுதான் வழி.

கட்டுரை எழுதிய ஃபிராய்டைவிடக் கடிதம் எழுதிய ஃபிராய்டை நான் அதிகம் நம்புகிறேன். முதலாமவர் நிலையாமையை யோசித்திருந்தார். இரண்டாமவர் அதற்குள் குடியிருந்தார். இன்னொன்றும் கவனித்தேன். துக்கம் பற்றிய தன் கருத்தையே அவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த வயதில், அந்தப் புகழில், தான் சொன்னதற்கு நேர் எதிராக எழுத முடிந்திருக்கிறது. பின்னால் வந்த ஆய்வாளர்களும் துக்கத்தை ஒரு நேர்க்கோடாகப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999-இல் சொன்ன விளக்கத்தில், இழந்தவர் இரண்டு கரைக்கும் நடுவில் போய் வந்துகொண்டே இருக்கிறார்: கொஞ்ச நேரம் இழப்போடு, கொஞ்ச நேரம் அடுத்து ஆக வேண்டிய காரியத்தோடு. ஒரு கரையிலேயே தங்கிவிடுவதுதான் சிக்கலாம்.

அப்பாவின் போன் எண் இன்னும் என் செல்போனில் 'அப்பா' என்றே இருக்கிறது. எண்ணை நாங்கள் புதுப்பிக்காமல் விட்டதில், நிறுவனம் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. ஒருநாள் பட்டியலைத் தள்ளிக்கொண்டு வந்தபோது 'அப்பா' என்ற பெயருக்குப் பக்கத்தில் இரட்டைச்சடை போட்ட ஒரு சின்னப் பெண், பொக்கை வாய்ச் சிரிப்போடு. எண்ணை வாங்கியவரின் மகளாக இருக்கும். தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் அந்தச் சிரிப்பு என்னையும் தொற்றிக்கொண்டது. நான் அந்த எண்ணை அழிக்கவில்லை. அதில் அழைத்தால் அப்பா எடுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வைத்திருப்பதற்கும், தெரியாமல் வைத்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது என் கட்சி. போனதைப் போனது என்று ஒப்புக்கொண்ட பிறகு வைத்திருக்கும் நினைவு கனப்பதில்லை. போகவில்லை என்று சாதிப்பதற்குத்தான் அத்தனை பலமும் தேவைப்படுகிறது.

இதில் என் அம்மா எங்களையெல்லாம்விடத் தேர்ந்தவர். தைப்பதில் கெட்டிக்காரி. இப்போது கண் தெரிவதில்லை. நூலை நாக்கில் நனைத்து, முனையைத் திரித்து, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓரிரு தடவை முயற்சி செய்வார். நூல் ஊசிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். உடனே ஊசியையும் நூலையும் அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார்: "கோத்துக் குடுப்பா, எனக்குக் காது தெரியல." அதில் பெருமூச்சு இருக்காது. "அந்தக் காலத்துல நான்" என்ற பீடிகை இருக்காது. வாங்கிக்கொண்டு தையலைத் தொடர்வார். (காதற்ற ஊசி கடைசி வழிக்கு வராது என்று படித்திருக்கிறோம். அம்மாவின் ஊசிக்குக் காது இருக்கிறது, கண்தான் வரவில்லை.) தையலின் மேல் அவருக்குப் பிரியம் குறையவே இல்லை. தானே கோக்கிற நேற்றைய அம்மாவாகத்தான் இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தை மட்டும் எங்கேயோ கழற்றி வைத்திருக்கிறார். ஏற்றுக்கொள்வது என்று நான் படித்ததிலெல்லாம் கிடைக்காத தெளிவு எனக்கு அந்த நீட்டிய கையில் கிடைத்தது.

துறவு என்ற அதிகாரத்தின் முதல் குறளை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எது எதிலிருந்து ஒருவன் நீங்குகிறானோ, அது அதனால் அவனுக்கு நோவு இல்லை. எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கி வை என்று வள்ளுவர் அங்கே கேட்கவில்லை. ஒன்றை விட்டால் அந்த ஒன்றின் வலி இல்லை, சில்லறைக் கணக்கு. குடும்பமும் கடனும் வேலையும் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு இந்தச் சில்லறைக் கணக்குதான் கட்டுப்படியாகும்.

நான் பழகிப் பார்த்தவற்றில் சில எனக்கு ஒத்துவந்தன. கிரேக்கத் தத்துவ ஞானி எபிக்டெட்டஸ், ஜாடியைப் பிடிக்கும் என்றால், எனக்குப் பிடித்திருப்பது ஒரு ஜாடி என்று நினைவில் வைத்துக்கொள், உடைந்தால் கலங்க மாட்டாய் என்பார். பொருள்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. கண்ணாடி டம்ளரை எடுக்கும்போதே இது உடையப்போகிற டம்ளர் என்று நினைத்துக்கொண்டால், உடைகிற அன்று உடைத்தவரைத் திட்டத் தோன்றுவதில்லை. ஆனால் அவர் அடுத்து, குழந்தையை முத்தமிடும்போதும் அப்படியே நினைத்துக்கொள் என்கிறார். அது என்னால் ஆகாது. அவருடைய போதனையில் ஊறிய ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியசுக்குப் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர் கண்முன்னாலேயே இறந்தன. அவருக்கு அந்த யோசனை எந்த அளவுக்குக் கைகொடுத்ததோ. எனக்கு உதவுவது அதன் மாற்றுவடிவம்: இந்தக் குழந்தை அடுத்த மாதம் இந்தக் குழந்தையாக இருக்காது. மழலை திருந்திவிடும், தூக்கச் சொல்லிக் கை நீட்டுவது நின்றுவிடும். சாவை நினைக்க வேண்டிய அவசியமே இல்லை. வளர்வதே போதும். அதை நினைத்தால் செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தை சொல்ல வருவதைக் கேட்கத் தோன்றுகிறது.

செல்போன் என்றதும் படங்கள். எதையும் போகவிடக் கூடாது என்று எடுத்துத் தள்ளுகிறோம். லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படமெடுத்த பொருள்களை ஆட்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். சும்மா பார்த்தவை நன்றாக நினைவிருந்தன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக்கிப் படமெடுத்தபோது அந்த மறதி ஏற்படவில்லை. கவனித்ததா, சேமித்ததா என்பதில்தான் விஷயம் இருக்கிறது போல. நான் படமெடுப்பதை நிறுத்தவில்லை, குறைத்திருக்கிறேன்.

பற்றில்லாவிட்டால் முயற்சியே இருக்காதே, எல்லாம் போகப்போகிறதென்றால் எதற்கு உழைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. போகப்போகிறது என்று தெரிந்துதானே சமைக்கிறோம், சுத்தம் செய்கிறோம், மருந்து கொடுக்கிறோம்.

கடைசியாக, தத்துவத்தைக் காகிதத்தில் இறக்குவது. நிலையாமை பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவரிடம் "உயில் எழுதிட்டீங்களா சார்?" என்று ஒருதடவை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு வேறு பக்கம் திரும்பும். எந்த வங்கியில் கணக்கு, காப்பீட்டில் யார் பெயர், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தக் கடவுச்சொல் எங்கே என்று இருப்பவர்களுக்கு எழுதிவைக்காமல் "ஆறிலும் சாவு நூறிலும் சாவு" என்று பாடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அப்பா விட்டுப்போன விவகாரங்களைச் சரிசெய்ய அக்கா ஏறி இறங்கிய படிகள் எனக்குத் தெரியும். ஒவ்வொரு மேஜையிலும் அதே காகிதங்களை மறுபடி மறுபடி காட்டினாள்.

அதனால் நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். கணக்கு விவரங்கள், கடன், காப்பீடு. எந்த நிலைக்கு மேல் எனக்குக் கருவி மாட்ட வேண்டாம் என்பது. என் புத்தகங்களில் யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும், மிச்சத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டால் எனக்கு வருத்தமில்லை என்பது. எழுத எழுதத் தோள் லேசானது நிஜம். நோட்டு இருக்கும் இடத்தை அக்காவிடம் சொன்னேன். முதலில், "இப்ப எதுக்குடா இதெல்லாம்" என்று கடிந்துகொண்டாள். அடுத்த வாரம் போன் செய்து, பக்கங்களை எப்படிப் பிரித்திருக்கிறேன் என்று விசாரித்தாள். ஒவ்வொரு பூட்டுக்கும் எது சாவி என்று ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னாள்; அதை இன்னும் எழுதி முடிக்கவில்லை.